மேல்நோக்கு நாள் படத்தில் இல்லாத காட்சி

வாங்க மேடம், உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல பேப்பர் கட்டு இருக்கு, தள்ளிட்டு உக்காருங்க. எதிர் காலேஜுல புதுசா சேந்திருக்கிற சைக்காலஜி மேடம் நீங்கதானே? பொண்ணுங்க சொல்லிச்சிங்க. ஒரு மேடம் வந்திருக்காங்க அங்கிள், அசைன்மெண்ட்ட எழுத்து விடாம படிக்கிறாங்கன்னு. பதினஞ்சி வருஷமா இந்த பி.எட். காலேஜுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், எழுத்து விடாம படிக்கிற ஆள இப்பதான் பாக்கறேன். உங்களுக்கு முன்னாடி இருந்தாரே சாமுவேல் சார், அவரு பக்கத்த எண்ணிப் பாத்து டிக் போடுவாரு. நல்ல மனுஷன்.

அசைன்மெண்ட் கட்டோடயே கொண்டாந்துட்டீங்க. சரி. என்ன விஷயம்னு நீங்க சொல்லவே வேணாம். 'மேல்நோக்கு நாள்'னு ஒரு படம், அத எங்க பாக்கலாம், அதானே?

எங்கயும் பாக்க முடியாதுங்க. அப்படி ஒரு படமே கிடையாது.

அப்படி பாக்காதீங்க மேடம். நான் நியாயத்த சொல்றேன், தப்பு பொண்ணுங்க மேலதான். 'ஏதேனும் ஒரு திரைப்படத்தில் வரும் பெற்றோரையும் பிள்ளையையும் ஆளுமைக் கோட்பாடுகளின் துணைகொண்டு ஆராய்க'ன்னு கேள்வி. ஊர்ல இல்லாத படமா? ரெண்டரை மணி நேரம் உக்காந்து ஒரு படத்த பாத்துட்டு எழுதறதுக்கு என்ன நோவு? ஆனா எல்லாம் பஸ் புடிச்சி வர்ற பொண்ணுங்க. ஒருத்திக்கு கைக்குழந்த, ஒருத்திக்கு மாமியார் ஆஸ்பத்திரியில. கடைசி நாள் வந்து நிக்குங்க, 'அங்கிள், ரெடிமேடா ஏதாச்சும் இருக்கா'ன்னு. இருக்கு. பிரிண்ட் எடுத்து குடுக்கறேன். அதுங்க அத பாத்து கையால எழுதி உங்ககிட்ட வைக்குதுங்க. முட்ட போடணும்னா அதுங்களுக்கு போடுங்க. நான் வெறும் கடைக்காரன்.

முப்பத்தோரு பேரு இதே படமா? இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

டீ வந்திடிச்சி, எடுத்துக்கங்க. இவன் துலுக்காணம். எதிர்ல அந்த மர பெஞ்சி போட்ட டீக்கடை இவனோடது. இந்த ரோட்ல எனக்கு முன்னாலருந்து இருக்கான். போற போக்குல என்னா கேட்டான் கவனிச்சீங்களா? 'சர்ட்டிபிகேட்ட கருக்குன புள்ளகிட்டருந்து ஏதாச்சும் சேதி உண்டா?' ஒம்போது வருஷமா டீயோட இந்தக் கேள்வியும் வரும். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நான் இல்லன்னு தலையாட்டுவேன், போயிடுவான். அது எம்பையன பத்தி. அத உடுங்க. படத்துக்கு வரேன்.

எட்டு வருஷத்துக்கு முன்ன வேதவல்லின்னு ஒரு பொண்ணு. இடுப்புல கொழந்த, தோள்ல பை, கண்ணுல தண்ணி. மறுநா காலையில அசைன்மெண்ட் வைக்கணும், ஒரு படமும் பாக்கல. 'நீங்களே ஏதாச்சும் எழுதிக் குடுங்க அங்கிள்'னு அழுவுது. எனக்கு பாவமா போச்சி. நான் பி.ஏ. முடிச்சவன் மேடம், சும்மா இல்ல. கடையில கைடு இருந்திச்சி. பிராய்டு, யூங், அட்லர், எரிக்சன், எல்லாரும் அதுல வரிசையா இருக்காங்க. தைச்சி மாட்டி வச்ச சட்டைங்க மாதிரி. போட்டுப் பாக்க ஆளு வேணும். நான் தேட்டருக்கு போயி இருவது வருஷம் ஆச்சி. படத்துல வர்ற புள்ள எவனும் எனக்கு தெரியாது. தெரிஞ்ச புள்ள ஒண்ணுதான்.

எம்பையன் லோகநாதன். லோகுன்னு கூப்பிடுவோம். அப்ப அவன் வீட்ட விட்டு போயி ஒரு வருஷம் ஆகியிருந்திச்சி.

அதனால அவன வச்சி எழுதிட்டேன். ஜெராக்ஸ் கடைய தையல் கடையா மாத்துனேன். எம்பேரு ஏகாம்பரம், அத சிவநேசன்னு போட்டேன். லோகுவ அரசுன்னு வச்சேன். படத்துக்கு பேரு வேணுமே, தல நிமிந்து பாத்தேன். எதிர்ல நாட்காட்டி, அன்னிய தேதிக்கு கீழ மேல்நோக்கு நாள்னு போட்டிருந்திச்சி. அவார்டு வாங்குன படம் மாதிரி இருந்திச்சி. வச்சிட்டேன்.

நல்லா எழுதியிருக்கேன் இல்ல? நீங்களே சொல்லுங்க. அரசு அகமுகன், அது யூங். நாலு பேரு முன்னால நின்னா வாயே தொறக்க மாட்டான். தாழ்வு மனப்பான்மை, அது அட்லர். பன்னெண்டுலருந்து பதினெட்டு வரைக்கும் தான் யாருன்னு ஒரு கொழப்பம் இருக்கும், அது எரிக்சன். அந்தக் கொழப்பத்த தகப்பன் மேல காட்டறான். பேசறதில்ல, சாப்பிடக் கூப்பிட்டா வர்றதில்ல. சிவநேசனுக்கு சூப்பர் ஈகோ பலம். கண்டிப்பு, நேரம், ஒழுக்கம். 'தந்தையின் கண்டிப்பு மகனின் நன்மைக்கே'ன்னு ஒரு வரி. அந்த வரிக்கு சாமுவேல் சார் ரெண்டு டிக் போட்டாரு மேடம். வேதவல்லி கொண்டாந்து காட்டிச்சி. ஒரு புரொபசரே டிக் போட்டிருக்காருன்னா சும்மாவா?

அதுக்கப்பறம் வருஷா வருஷம் அதான். ஒருத்தி எழுதுனா அவ தோழி வருவா, தோழிக்கு தங்கச்சி. ஒவ்வொரு தடவயும் சாமுவேல் சார் அந்த வரிக்கு டிக் போடுவாரு. நான் கேட்டு வாங்கிப் பாப்பேன். எத்தன டிக்குன்றீங்க.

முடிவுதான் பொண்ணுங்களுக்கு ரொம்ப புடிக்கும். அரசு ஒரு நாளு சொல்லாம கொள்ளாம போயிடறான். ரெண்டு வருஷம் கழிச்சி ஒரு பையோட திரும்பி வரான். தகப்பன் மெஷின் மிதிச்சிகினு இருக்கான். தலைய தூக்கல. 'சாப்ட்டியா'ன்னு கேக்கறான். அவ்ளோதான், படம் முடிஞ்சிது. எழுதும்போதே அழுதுட்டேன் அங்கிள்னு எத்தினியோ பொண்ணுங்க சொல்லியிருக்கு.

நெஜத்துல அவன் வரல மேடம். ஒம்போது வருஷம் ஆச்சி. இருக்கானா இல்லியான்னே தெரியாது. துபாயில பாத்தேன்னான் ஒருத்தன். ரயில்வே போலீசுகாரங்க போட்டோ காட்டுனா ஓடிப்போயி பாப்பேன். ரெண்டு தடவ பொணம் பாத்துட்டு வந்திருக்கேன். ரெண்டும் அவன் இல்ல. ஆனா வருஷா வருஷம், அசைன்மெண்ட் சீசன்ல, இந்த பிரிண்டர்லருந்து இருவது இருவத்தஞ்சி தடவ திரும்பி வரான். சூடா வரும் பேப்பரு. கடைசி பக்கத்த கையில புடிச்சிகினு நிப்பேன். பொண்ணு 'அங்கிள், குடுங்க'ன்னு சொல்றவரைக்கும் நிப்பேன்.

இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க. சாமுவேல் சார் ரிட்டையர் ஆகற அன்னிக்கு கடைக்கு வந்தாரு. 'ஏகாம்பரம், அந்த மேல்நோக்கு நாள் படத்த நான் டி.வி.யில பாத்திருக்கேன்யா'ன்னாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் போட்டானாம். 'கடைசி சீன்ல தகப்பன் தலைய தூக்காம கேப்பான் பாரு, அந்த நடிகன் பேரு என்னய்யா?'ன்னு கேக்கறாரு. இல்லாத படத்த மனுஷன் எப்படி பாத்தாரு? போளூர்ல எங்க சித்தி பாத்தாங்கன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சி. பாட்டு கூட நல்லா இருக்குமாம். பாட்டே நான் எழுதலியே.

அப்பறம் எனக்கே தெரிய ஆரம்பிச்சிது மேடம். மத்தியானம் கடையில ஆளு இல்லாதப்ப கண்ண மூடுனா படம் ஓடும். நான் எழுதாத சீனெல்லாம் வரும். பையன் ரோட்டோரமா நடந்து போவான். கூப்பிடுவேன், திரும்ப மாட்டான். ஒரு தடவ திரும்புனான். மூஞ்சி தெரியல. கன்னத்துல மட்டும் கருப்பா என்னவோ. ஏன் கருப்புன்னு கேக்காதீங்க. டீய குடிங்க, ஆறிடப் போவுது.

அவன் போன அன்னிக்கு சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. மத்தியானம் கடைய பெருக்கினான். எல்லா டிரேயிலயும் பேப்பர் ரொப்புனான். 'டோனர் மாத்திட்டேன்'னு சொன்னான், மெஷினுக்கு ரொப்பற கருப்பு மைத்தூளு. நாலு மாசம் கழிச்சி எங்கிட்ட அவன் பேசுன மொத பேச்சு அது. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஆனா தலைய தூக்கல, ஊம்னு சொன்னேன். வெளிய போனான். துலுக்காணம் கடையில ஒரு டீ குடிச்சானாம். அவ்ளோதான். அந்த டோனரு தீர்றதுக்குள்ள வந்துடுவான்னு இருந்தேன். தீந்து போச்சி.

என்னாது மேடம், ஒண்ண மட்டும் தனியா எடுத்து வைக்கறீங்க? இதுவும் எங்க கடை சரக்குதானே? எட்டு வருஷமா ஒரு எழுத்து மாத்தலியே நான். குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

'மேல்நோக்கு நாள்'. சிவநேசன், அரசு, தையல் கடை. எல்லாம் என்னுதுதான். யூங் வரான், அட்லர் வரான். சரி. மூணாம் பக்கமா? இருங்க.

'சிவநேசன் தொலைபேசியில் பேசிக்கொண்டே இஸ்திரி போட்டதில் கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை கருகிவிடுகிறது. பெண்ணும் அவள் தந்தையும் வந்து கேட்கும்போது, மூலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, இவன்தான் செய்தான் என்று சொல்லி, எல்லோர் முன்பும் கன்னத்தில் அறைகிறார். தன் தவற்றைப் பிறர்மேல் ஏற்றும் இந்தத் தற்காப்பு நடத்தைக்குப் புறத்தெறிதல் என்று பெயர்.'

இந்த சீன் படத்துல இல்ல.

இல்ல மேடம், நான் சொல்றேன். இந்தப் படத்துல இப்படி ஒரு சீன் கெடையாது. நான் எழுதல. யாரு எழுதுனது இது? எந்தப் பொண்ணு? தமயந்தி. ஹாஸ்டல் பொண்ணா? எங்க வாங்குச்சாம்? லீவுல ஊருக்கு போனப்பவா? அரூர்லயா? அரூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஜெராக்ஸ் கடையில. சின்ன வயசுக்காரன். ஒல்லியா இருப்பான். பேசவே மாட்டான்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சிக்கறேன்.

எங்க கடை பிரிண்ட்ட எவளோ அந்தக் கடைக்கு ஜெராக்ஸ் போட எடுத்துட்டு போயிருக்கா. லோகு படிச்சிருக்கான். படிச்சிருக்கான் மேடம். அகமுகன், தாழ்வு மனப்பான்மன்னு நான் எழுதுனதெல்லாம் அவன் படிச்சிருக்கான். நின்னுகினே படிச்சிருப்பான், மெஷின் ஓட ஓட. தையல் கடைன்னு போட்டா அவனுக்கு தெரியாதா என்ன.

உசுரோட இருக்கான். இதே தொழில்ல இருக்கான்.

சரி, சொல்லிடறேன். நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா என்ன. இந்த விஷயம் ஒலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவனுக்கும். அதனாலதான் சொல்றேன், இத எழுதுனது அவனேதான்.

ஒரு பொண்ணு பிளஸ் டூ மார்க் ஷீட்ட லேமினேஷன் போட கொண்டாந்திச்சி. ஒரிஜினலு. ஒரு வாரத்துல கவுன்சிலிங். ஒரிஜினல போடக்கூடாது, ஜெராக்ஸுல போடுன்னு எப்பவும் சொல்லுவேன். அன்னிக்கு சொல்லல. ஒரு கஸ்டமர்கிட்ட போன்ல சத்தம் போட்டுகினு இருந்தேன். பேச்சு மும்முரத்துல மெஷின் சூட்ட பாக்கல, உள்ள விட்டுட்டேன். பாதியில சிக்கிச்சி. இழுத்தேன். வந்திச்சி, அப்பளம் மாதிரி. சுருங்கி, கருகி, பேரு கூட தெரியல.

அந்தப் பொண்ணு கத்தல மேடம். வாயில கைய வச்சிகினு நின்னிச்சி. அவங்கப்பாதான் சட்டைய மடிச்சி விட்டுகினு உள்ள வராரு. கடையில நாலஞ்சி பேரு. துலுக்காணம் டீ தட்டோட நிக்கறான். கடை தொறந்து ஆறே வருஷம். இந்த ஆளுகிட்ட ஒரிஜினல் குடுக்காதன்னு ஒரு பேரு வந்திச்சின்னா முடிஞ்சிது. மூலையில லோகு டோனர் ரொப்பிகினு இருந்தான். பதினேழு வயசு. அவன கையப் புடிச்சி இழுத்து, 'இவன்தாங்க, சொன்னா கேக்கறதில்ல'ன்னு சொல்லி அறைஞ்சேன்.

நெஜமாவே அறைஞ்சேன். பொய்யா அறைஞ்சா நம்ப மாட்டாங்க இல்ல.

அவன் என்ன பாத்தான். கைய கன்னத்துல வச்சிகினான். கையெல்லாம் டோனரு, அஞ்சி வெரலும் கன்னத்துல கருப்பா பதிஞ்சி போச்சி. 'நான் இல்ல'ன்னு அவன் சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தப் பொண்ணோட அப்பா எறங்கிட்டாரு. 'விடுங்க, சின்னப் பையன்'னு சொல்லி பொண்ண கூப்பிட்டுகினு போயிட்டாரு. டூப்ளிகேட் மார்க் ஷீட்டுக்கு நானே நாலு நாளு நாயா அலைஞ்சி வாங்கிக் குடுத்தேன். அப்ப பிரச்சன தீந்திச்சா இல்லியா? நான் நியாயத்த சொல்றேன். ஒரு அறையில ஒரு கடைய காப்பாத்துனேன். பெத்த புள்ள அப்பனுக்காக ஒரு அறை வாங்கக் கூடாதா? அன்னிக்கு சாயந்திரம் அவனுக்கு புடிக்கும்னு பரோட்டா வாங்கிகினு போனேன். 'சாப்ட்டியா'ன்னு கேட்டேன். பொட்டலத்த பிரிக்கவே இல்ல. அன்னிலருந்துதான் எங்கிட்ட பேச்ச நிறுத்துனான்.

டோனரு தண்ணியில போவாது. எம்பொண்டாட்டி கனகா தேங்கா எண்ணெய வச்சி தொடச்சிவிட்டா. தொடச்சிகினே கேட்டா, 'டோனர் மாத்திகினு இருந்த புள்ள எப்படிங்க லேமினேஷன் போட்டான்?'ன்னு. பேசாம போடின்னு சொன்னேன். அவளும் எண்ணெய் கிண்ணத்த எடுத்துகினு போயிட்டா. அவளுக்கு மெஷின பத்தி என்ன தெரியும், ஏதோ கேட்டா. அதுக்கப்பறம் கேக்கல.

இன்னும் இருக்கா? எங்க, படிங்க. வேணாம், நானே படிக்கறேன்.

'மகனின் இரண்டு கைகளிலும் எண்ணெய். ரவிக்கையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. கடையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தந்தை மட்டும் பார்க்கவில்லை.'

இது அவனா சேத்துகினது. கதையில ஒரு உருக்கம் வேணும்னு. எல்லாரும் எங்க பாத்தாங்க? யாரும் பாக்கல. பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டாங்களா? ஒருத்தன் ஒரு வார்த்த கேட்டிருப்பானா இல்லியா? சாமுவேல் சாரா இருந்தா இந்த வரிக்கு டிக் போட்டிருக்க மாட்டாரு.

கடைசியில மாணவர் கருத்துன்னு இருக்கே, அதுவும் என்னுது இல்ல. நான் அங்க 'இப்படம் அனைவரும் காண வேண்டிய படம்'னுதான் போட்டிருந்தேன்.

'படத்தின் முடிவில் மகன் திரும்பி வருகிறான். இது பொருந்தவில்லை. அவன் எதற்காகத் திரும்பினான் என்று படம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. அதே கடையில், அதே ஆட்கள் முன்னால் தந்தை உண்மையைச் சொல்லியிருந்தால், அது எப்படியும் மகன் காதுக்குப் போயிருக்கும். அவனும் வந்திருப்பான் என்பது என் கருத்து.'

என் கருத்து. எவ்ளோ நிறுத்தி எழுதியிருக்கான் பாருங்க. இவ்ளோ பேசுவானா அவன்? வீட்ல நாலு வார்த்த சேந்தாப்பல பேசி நான் கேட்டதில்ல. நான் கேக்கலியோ என்னவோ.

நீங்க என்ன சொல்றீங்க மேடம்? சைக்காலஜி படிச்சவங்க நீங்க. உங்ககிட்ட சொல்லிட்டேனே இப்ப, உண்மைய. அது போதாதா? ஒரு காரியம் பண்ணலாம். அடுத்த வருஷத்துலருந்து பிரிண்ட்ல இந்த சீனையும் சேத்துடறேன். அவன் எழுதுனபடியே. எல்லா பொண்ணுங்களும் எழுதட்டும், ஊரெல்லாம் படிக்கட்டும். எட்டு வருஷமா எங்கடை பேப்பர் எங்கெங்கயோ போவுது, இதுவும் போவும், அவன் கைக்கும் போயி சேரும். அவன் கேட்டதும் அதானே.

அது இல்லியா. சரி. நீங்க தலையாட்டறது புரியுது. அரசுவ அறைஞ்சது சிவநேசன். லோகுவ அறைஞ்சது நான்.

தோ, துலுக்காணம் கிளாஸ் எடுக்க வந்துட்டான், ஜெராக்ஸ் போட ரெண்டு மூணு பொண்ணுங்களும் கூடவே வருதுங்க. ஆங், இல்லப்பா, சேதி ஒண்ணும் இல்ல.

பாத்தீங்களா மேடம்? பாத்தீங்களா? இப்பதான் உங்ககிட்ட அவ்ளோ சொன்னேன், அரூர்ல இருக்கான்னு தெரிஞ்சிகினேன், அவன் எழுதுனத என் வாயால படிச்சேன். சர்ட்டிபிகேட்ட கருக்குன புள்ளன்னு இவன் ஆரம்பிச்ச உடனே கழுத்து தானா ஆடுது. பழக்கம். ஒம்போது வருஷ பழக்கம்.

துலுக்காணம். யோவ், நில்லு. கிளாஸ அங்க வை. பொண்ணுங்களா, நீங்களும் இருங்க, ஜெராக்ஸ் அப்பறம் போட்டுத் தரேன். மேடம், நீங்க எந்திரிக்காதீங்க, நீங்க இருக்கணும்.

அன்னிக்கு ஒரு பொண்ணு மார்க் ஷீட்டு கருகிச்சே, துலுக்காணம். அத மெஷின்ல விட்டது லோகு இல்ல. நான். போன்ல பேசிகினே நான்தான் விட்டேன். பயந்துகினு அவன் மேல போட்டேன். அவன் ஒண்ணும் பண்ணல. அவன் மூலையில டோனர் ரொப்பிகினு இருந்தான்.

என்னா? என்னா சொன்ன?

தெரியுமா?

மேடம், தெரியுமாம். மணிக்கட்டு வரைக்கும் கருப்பா கைய வச்சிகினு இருந்தவன் அந்த பேப்பர தொட்டிருந்தா ஒரு பொட்டு கருப்பாச்சும் இருக்காதா, வெள்ள வெளேர்னு ஓரம் இருந்திச்சேங்கறான். அங்க நின்ன அத்தன பேருக்கும் தெரியுமாம். அந்தப் பொண்ணோட அப்பா வெளிய வந்து இவன் கடையிலதான் டீ குடிச்சிருக்காரு. குடிச்சிட்டு சொன்னாராம், 'அப்பன் பண்ணதுக்கு அந்தப் பையன் வாங்கிகினான், பாவம்'னு. அந்த ஆளு என் புள்ள மேல எரக்கப்பட்டுதான் போயிருக்காரு. நான் தப்பிச்சேன்னு நெனச்சிகினு இருக்கேன்.

அப்ப ஏன்யா தெனம் அப்படி கேட்ட? சர்ட்டிபிகேட்ட கருக்குன புள்ள, கருக்குன புள்ளன்னு, ரெண்டு வேளையும்?

'கருக்குனது அவன் இல்லப்பா'ன்னு நான் ஒரு நாளாச்சும் சொல்றனான்னு பாக்கவா.

கனகாவுக்கும்? அவளுக்கும் தெரியுமா? அவ கண்ணால எதையும் பாக்கலியே. பாக்கணுமாங்கறான் மேடம். கன்னத்துல பதிஞ்ச அந்தக் கருப்பு கைய தொடச்சது அவதானேங்கறான்.

போயிட்டான் பாருங்க. கிளாஸ எடுத்துகினு போயிட்டான். பேங்குக்கு டீ குடுக்கற நேரம் அவனுக்கு. நான் என்னமோ இடி விழும்னு நெனச்சேன். இந்தப் பொண்ணுங்க வாசப் பக்கம் நகருதுங்க. பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

அந்தக் கட்ட இப்பிடி குடுங்க மேடம். இல்லாத படத்த எழுதிக் குடுத்து முப்பது பொண்ணுங்களையும் ஏமாத்துனது நான்தான்னு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து போட்டுத் தரேன். பிரின்சிபால்கிட்ட காட்டுங்க. அதுங்களுக்கு இன்னொரு வாரம் டைம் குடுங்க, நெஜமா ஒரு படத்த பாத்து எழுதட்டும். அந்த தமயந்தி பொண்ணுக்கு மட்டும் மார்க்கு போட்டுடுங்க. அதுல இருக்கறது நடந்தது.

நாளைக்கு கடை லீவு. கனகாவ கூட்டிகினு போறேன். வருவாளான்னு தெரியல, மொதல்ல அவகிட்ட சொல்லணும், தெரிஞ்சிருந்தாலும் நான் சொல்லணும். அங்க அவன் கடையிலயும் நாலு பேரு நிப்பாங்க. அவங்க முன்னாலயும் சொல்லணும். போன உடனே சாப்ட்டியான்னு கேக்கக் கூடாது, வாயில அதான் வரும், கேக்கக் கூடாது.

அரூர்னுதானே சொன்னீங்க? பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? தமயந்திய கேட்டு நல்லா சொல்லுங்க மேடம். எழுதிக்கறேன்.